எதிர்ப்பெட்டி

விம்கோ நகர் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்
தகரக் கூரைக்குக் கீழே
ஒரு விமானம்
அறுபத்து மூன்று மணி நேரமாகப் பறக்கிறது.
இறக்கை கிடையாது, வால் கிடையாது.
மூக்குக்குப் பின்னால் இருக்கவேண்டிய கியர்ப்பெட்டி மட்டும்.

எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு சுற்றும்.
விசிறிக்கு அந்த அவசரம் ஆகாது,
நுனி காற்றோடு சண்டைக்கு நிற்கும்.
நடுவில் பஞ்சாயத்துக்குப்
பதினேழு பல் ஒன்று, இருபத்தாறு பல் ஒன்று.
அவை ஒன்றையொன்று தள்ளிவிடாமல் பிடித்து நிறுத்த
என் உள்ளங்கை அகலத்தில் பேரிங்.

எஞ்சினுக்குத் தொண்ணூறு வயது.
பெங்களூர் சோமண்ணா அதை
ஒருமுறை மேலே ஏற்றிப் பார்க்காமல் விடமாட்டார்.
அந்த அளவு பேரிங் எந்தக் கடையிலும் இல்லை.
நான்கு கடைந்து வாங்கினோம்.
மூன்று சுத்தம். நாலாவதில் ஒரு கீறல்,
கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும்.
"நூறு மணி நேரம் தாங்கட்டும்மா,
அப்புறம் நான் உக்கார்றேன்."

இரண்டு பெட்டிகளை எதிரெதிரே வைத்துத்
தண்டுகளை முறுக்கிப் பூட்டினோம்.
நனைந்த போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவார்களே,
அந்தப் பிடி.
பிடி தளராமல் அப்படியே சுற்றவேண்டும்.
மோட்டார் சின்னதுதான்,
உராய்வுக்கு மட்டும் கூலி கொடுக்கும்.

இந்தப் பக்கப் பெட்டிக்கு நம்பர் உண்டு.
சூடு பார்க்க ஒயர், எண்ணெயில் காந்தம்,
நோட்டில் ஏழு கட்டம்.
அந்தப் பக்கத்துப் பெட்டிக்குப் பெயர் டம்மி.
கீறல் விழுந்த நாலாவதை அதில் போட்டோம்.

ராத்திரி முழுக்க எண்ணூர் சாலையில்
கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி உறுமுகின்றன,
ஓர் அடி நகராமல்.
மணலிப் பக்கம் குழாயின் தலையில் தீ ஆடுகிறது.
மணிக்கு ஒருதரம்
ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பெட்டியில் ஊன்றிக்
கைப்பிடியைக் காதில் வைக்கிறேன்.
முறத்தில் அரிசி சரிகிற சத்தம்.
எழுபது. எழுபத்தொன்பது. அதே அரிசி.

எண்பத்தெட்டாவது மணியில்
சோற்றில் கல் கடிபட்டது.

கஜபதி ஓடிப்போய் சுவிட்சை இறக்கினார்.
நம்பர் போட்ட பெட்டியைத் திறந்தோம்,
காந்தத்தில் ஒரு துகள் இல்லை.
ரோலர்களில் என் மூக்குக் கண்ணாடி தெரிந்தது.
பிறகுதான் யாருக்கோ தோன்றி
டம்மியைத் திறந்தோம்.
உள்வளையத்தில் கொத்துக் கொத்தாகச் செதில்,
கெண்டை உரித்த பலகை மாதிரி.

ரஹ்மத்துல்லா சாருக்கு மூச்சு திரும்பியது.
"டம்மிதானே! வேற மாட்டி ஓட்டு,
மணி கணக்கு நிக்க வேணாம்."

நோட்டைப் பிரித்தேன்.
அதற்குக் கட்டமே போடவில்லை நான்.
ஏழு கட்டம் கோடு போட்டவள் நான்தான்.
ஓரத்தில், பஞ்ச் ஓட்டைக்குப் பக்கத்தில்,
சாய்த்து எழுதினேன்: எதிர்ப்பெட்டி, 88.

காலையில் சோமண்ணா போன் செய்தார்.
"நம்மளுது தாங்கிச்சா?"
"தாங்கிச்சு சார். எதிர்ல இருந்தது போயிடுச்சு."
"அதுக்கு என்ன பாரம்?"
"பிழியறப்ப ரெண்டு கைக்கும் ஒரே பாரம்தான் சார்."

அவர் பக்கம் ஒரு நாய் குரைத்தது, நின்றது.
"கீறலாலயா, இல்ல இரும்பே அப்படியா?"
"அறுத்துப் பாத்தாதான் தெரியும்.
நாலும் ஒரே கம்பியில வெட்டினது."

அவருக்கு வயது எழுபத்தொன்று.
காத்திருக்கச் சொல்வது
எனக்கு எளிதாக இல்லை.
"அறுங்க," என்றார்.

பூட்டை அவிழ்த்ததும்
தண்டு சடாரென்று கால் சுற்று பின்னால் போனது.
கஜபதி விரலை எடுத்துக்கொண்டார், நல்லவேளை.
வெளியே முதல் லாரி
ஒரு வண்டி நீளம் முன்னே போய்
மறுபடி நின்றது.